எஞ்சினுக்கு என்ன நிறம்?

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் வெளிப்புறப் பளபளப்புக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட பானெட்டின் அடியில் காட்டுவதில்லை. ஆனால் ஒரு காரின் பூர்வீகத்தையும் உடல்நிலையையும் சொல்வது அங்கே பூசியிருக்கும் பெயிண்ட்தான். சொல்ல விட்டால்.

தில்லியில் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழ் பழங்கார்களின் பேரணியை முதன்முதலில் நடத்தியது 1964-இல். நான்கு ஆண்டுகள் கழித்து 1968-இல் கல்கத்தாவுக்கும் அந்த வழக்கம் பரவியது. இத்தகைய பேரணிகளில் சாலையோரம் நிற்கும் கூட்டம் பார்ப்பது பித்தளை விளக்குகளையும், குரோமியம் மின்னும் பம்பர்களையும், தலைப்பாகை கட்டிய ஓட்டுநர்களையும். ஆனால் மதிப்பெண் போடும் நடுவர் வந்து நின்று, பானெட்டைத் திறக்கச் சொல்லும்போதுதான் பல உரிமையாளர்களுக்கு வியர்க்கிறது. உள்ளே எஞ்சின் பளிச்சென்று இருக்கிறது. பிரச்சினையே அதுதான். அந்தக் காரில் அந்த நிறம் இருந்ததே இல்லை.

இதே வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. நாட்டின் எந்த நகரத்திலும் பழைய கார் விற்கும் வரிசையில் போய் நின்றால், கழுவித் துடைத்து, மேலே ஒரு கை சில்வர் பெயிண்ட் அடித்த எஞ்சின்களைப் பார்க்கலாம். எண்ணெய் கசியும் இணைப்பு, துரு பிடித்த மூடி, வெல்டிங் வைத்த விரிசல் எல்லாம் அந்த வெள்ளிப் பூச்சின் கீழே அடக்கம். வாங்குபவர் வீட்டுக்கு ஓட்டிச் சென்ற சில வாரங்களில் பூச்சு உரிகிறது. கீழே இருந்தது வெளியே வருகிறது.

பேரணிக் காரிலும் விற்பனைக் காரிலும் பூசியது பெயிண்ட்தான். ஒன்றில் அறியாமை, மற்றதில் தந்திரம். எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிப்பதில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இது எதையாவது காட்டுகிறதா, மறைக்கிறதா?

கம்பெனிக்கு ஒரு நிறம்

எஞ்சின் ஏன் பெயிண்டே பூசிக்கொள்ள வேண்டும்? பழைய எஞ்சின்களின் சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது. ஈரம் பட்ட சில மணி நேரத்தில் செம்மை படரத் தொடங்கும் உலோகம் அது. மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களின் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே தொழிற்சாலைகள் துருவைத் தடுக்கப் பூசின. பூசுவதுதான் பூசுகிறோம், நம் அடையாளமாக இருக்கட்டும் என்று நிறத்தைத் தேர்ந்தெடுத்தன.

ஃபோர்டு கம்பெனியின் 'மாடல் ஏ' 1927-இன் இறுதியில் வெளிவந்தபோது அதன் எஞ்சின் பச்சை. 1966 முதல் அதே கம்பெனியின் எஞ்சின்கள் பெரும்பாலும் நீலம். ஷெவர்லே என்றாலே இன்று நினைவுக்கு வருவது ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஆனால் அந்த நிறம் புகழ்பெற்றது 1955-இல் வந்த வி-8 எஞ்சினோடுதான். இந்தியாவில் புதுப்பிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயின் சிவ்ரியில் கார்களைப் பூட்டும் தொழிற்சாலையைத் திறந்தது 1928-இல். சமஸ்தானங்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போன அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் ஷெவர்லேக்களின் எஞ்சின் அடக்கமான சாம்பல் நிறம். அமெரிக்கப் பத்திரிகைப் படத்தைப் பார்த்து அதற்கு ஆரஞ்சு அடித்தால், பாட்டிக்குப் பேத்தியின் உடையை மாட்டிவிட்ட கதைதான்.

ஜீப்பின் விஷயம் இன்னும் சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஜீப்பை இரண்டு கம்பெனிகள் தயாரித்தன. வில்லிஸ் கட்டியதில் எஞ்சினுக்கு ராணுவப் பச்சை, ஃபோர்டு கட்டியதில் சாம்பல். போர் முடிந்ததும் இந்தியாவில் தங்கிவிட்ட ஜீப்புகள் பல கைகள் மாறி, பாகங்கள் மாறி, எது யாருடையது என்றே தெரியாமல் போனவை. இவற்றில் ஒன்றைப் புதுப்பிக்க எடுப்பவர், எஞ்சினின் மேல் அடுக்குகளைச் சுரண்டி அடியில் இருக்கும் நிறத்தைப் பார்த்தால் அதன் பிறப்புக்கு ஒரு சாட்சி கிடைக்கும். அவசரத்தில் மொத்தத்தையும் மணல் வீசிச் சுத்தம் செய்துவிட்டால் அந்தச் சாட்சி போனது போனதுதான்.

ஆக, முதல் வேலை பெயிண்ட் கடைக்குப் போவது அல்ல, தடயம் தேடுவது. வெயிலும் வெப்பமும் எண்ணெயும் படாத இடங்களில் அசல் நிறம் ஒளிந்திருக்கும். எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டின் பின்புறம், வாட்டர் பம்ப்பைக் கழற்றினால் தெரியும் ஓரம், கம்பெனித் தகட்டின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் கூர்மையான கத்தியால் மெதுவாகச் சுரண்டினால் அடுக்கடுக்காகக் காலம் தெரியும். உலோகத்தை ஒட்டி, பிரைமருக்கு மேலே இருப்பது தொழிற்சாலையின் நிறம். அதை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, காசு அளவுக்கு ஒரு துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும். வண்ணம் கலந்து தரும் கடைக்காரருக்கு அந்தத் துண்டே போதும். வெப்பத்தில் நிறம் மங்கியும் பழுத்தும் போகும் என்பதால், எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து மாதிரி எடுப்பது தவறு.

அம்பாசடர், பத்மினி போன்ற உள்நாட்டுக் கார்களுக்கும் இதே விதி. 2014-இல் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. பத்மினியின் கதை அதற்கும் முன்பே முடிந்துவிட்டது. இவற்றைப் புதுப்பிக்கும் இளைஞர்கள் அயல்நாட்டுப் புத்தகங்களில் நிறம் தேட வேண்டியதில்லை. எதிரே நிற்கும் எஞ்சினைச் சுரண்டிப் பார்த்தால் போதும்.

வெப்பம் வைக்கும் தேர்வு

நிறம் முடிவானதும் அடுத்த கேள்வி பெயிண்டின் ரகம். இங்கே நிபந்தனை போடுவது வெப்பம். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் வெப்பநிலை சுமார் 90 டிகிரி செல்ஷியஸ். ஆகவே சிலிண்டர் பிளாக்கின் வெளிப்புறம் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் ஒரு சாண் தள்ளி இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 400, 500 டிகிரி என்று சர்வசாதாரணமாக ஏறும். ஒரே எஞ்சினில் இரண்டு பருவங்கள்.

வீட்டுக் கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் சாதாரண எனாமல் பிளாக்கின் மீது சில காலம் தாங்கலாம். பிறகு பழுத்து, மொறுமொறுத்து, பெயரும். எஞ்சினுக்கென்றே விற்கும் எனாமல்கள் சுமார் 250 டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். பிளாக், ஹெட், எண்ணெய்த் தொட்டி, வால்வு மூடி ஆகியவற்றுக்கு அது தாராளம். மேனிஃபோல்டுக்கு அதுவும் போதாது. அங்கே 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் வகைப் பெயிண்ட்தான் நிற்கும்.

கார் உடலுக்கு அடிக்கும், ஹார்டனர் கலந்த இரண்டு டப்பா பெயிண்டைச் சிலர் எஞ்சினுக்கும் அடிக்கிறார்கள். பளபளப்பு அதிகம், பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் கரையாது. பிளாக்கின் மீது அது தாக்குப்பிடிக்கும். மேனிஃபோல்டின் அருகே கருகிவிடும். அதை அடிப்பவரின் நுரையீரலுக்கு அது என்ன செய்யும் என்பது தனிக் கதை.

பெயிண்ட் அடித்தால் எஞ்சின் சூடாகும் என்ற பயம் மெக்கானிக்குகள் நடுவே இன்றும் உண்டு. தண்ணீரால் குளிரும் எஞ்சினில் இதற்கு ஆதாரம் குறைவு. வெப்பத்தின் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியேறுகிறது. இரண்டு மூன்று கோட்டுகள் சேர்ந்தாலும் பூச்சின் தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுதான். அது வெப்பத்துக்குப் பெரிய தடையே அல்ல. கறுப்பா வெள்ளையா என்பதும் பெரிய வித்தியாசம் செய்யாது. காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள் எஞ்சின்களில் மட்டும் கவனம் தேவை. அவற்றின் மெல்லிய விசிறி மடிப்புகளுக்கு இடையே பெயிண்ட் தேங்கி அடைத்தால் நஷ்டம்தான்.

நிறத்தைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு, அதாவது பேரணிக்குப் போகாமல் தினமும் ஓட்டும் காரை வைத்திருப்பவர்களுக்கு, வெளிர் சாம்பல் போன்ற நிறங்கள் உதவும். புதிதாகத் தொடங்கும் எண்ணெய்க் கசிவு அதில் உடனே கறையாகத் தெரியும். கறுப்பில் அது தெரிவதற்குள் கேஸ்கட் கதை முடிந்திருக்கும்.

ஒன்பது பங்கு அழுக்கு

நல்ல பெயிண்ட் வாங்கியும் மூன்று மாதத்தில் உரிந்தால் பழி கடைக்காரர் மீது விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி அடியில் இருந்த எண்ணெய். இந்த வேலையில் பத்தில் ஒன்பது பங்கு சுத்தம் செய்வது. ஒரு பங்குதான் பூச்சு.

நம் பட்டறைகளில் எஞ்சினை மண்ணெண்ணெயோ டீசலோ விட்டுக் கழுவுவது வழக்கம். கிரீஸ் கரையும், சரி. ஆனால் மண்ணெண்ணெயே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது. ஆகவே அதற்குப் பிறகு சோப்புத்தூள் கலந்த வெந்நீரால் கழுவி, நன்றாக அலசி, காற்று பீய்ச்சி உலர்த்த வேண்டும். காஸ்டிக் சோடா இரும்பிலுள்ள பழைய பெயிண்டையும் கிரீஸையும் நன்றாக எடுக்கும். ஆனால் அலுமினியத்தைத் தின்றுவிடும். ஹெட்டோ வால்வு மூடியோ அலுமினியமாக இருந்தால் அந்தத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வார்ப்பிரும்பு நுண்ணிய துளைகள் கொண்டது. பல ஆண்டுகள் குடித்த எண்ணெயை அது எளிதில் விடாது. மேலே துடைத்துவிட்டு லேசாகச் சூடேற்றினால் உள்ளிருந்து மீண்டும் கசியும். வெள்ளைத் துணியில் கறை படாத வரை தின்னரால் துடைத்து, சூடேற்றி, மறுபடி துடைப்பதுதான் வழி. தின்னரைத் துடைத்த கையோடு அருகில் நெருப்பைக் கொண்டுவருவது விபரீதம். அது முழுக்க ஆவியான பிறகே சூடேற்ற வேண்டும்.

துருவுக்குக் கம்பி பிரஷ்ஷும் எமரி பேப்பரும். முற்றியிருந்தால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. மணல் வீசுவது வேகமான வழி. ஆனால் எண்ணெய் ஓடும் பாதையில் ஒரு சிட்டிகை மணல் தங்கினாலும் புது பேரிங்குகள் அரைபட்டுப் போகும். எல்லாத் துளைகளையும் அடைத்து, முடிந்த பிறகு அத்தனை பாதைகளையும் கழுவி ஊதிப் பார்க்காமல் எஞ்சினைப் பூட்டுவது தற்கொலை.

சுத்தம் செய்த இரும்பு காத்திருக்காது. மழைக்காலத்தில் காலையில் தேய்த்தது மாலைக்குள் சிவக்கும். ஆகவே அன்றே பிரைமர். இரும்புக் கதவுக்கு அடிக்கும் சாதாரண ரெட் ஆக்ஸைடு வெப்பத்தில் கைவிட்டால், மேலே இருக்கும் விலை உயர்ந்த பெயிண்டும் அதோடு சேர்ந்து விழும். மேல் பூச்சு எந்த வெப்பம் தாங்குமோ அதே வெப்பம் தாங்கும் பிரைமர் வேண்டும். அலுமினியத்துக்கு அதைக் கவ்விப் பிடிக்கும் தனி பிரைமர். சில எஞ்சின் எனாமல்கள் பிரைமர் இல்லாமலே வார்ப்பிரும்பில் நேரடியாக நிற்கும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிப்பது நல்லது.

எதைத் தொடக் கூடாது

பிளாக்கின் ஓரத்தில், தட்டையாகச் செதுக்கிய ஒரு சிறு பட்டையில், வரிசையாகச் சில எழுத்துகளும் எண்களும் குத்தப்பட்டிருக்கும். எஞ்சின் எண். காரின் பதிவுச் சான்றிதழில் இருப்பது அதே எண். எஞ்சின் என்ன நிறம் என்று சட்டம் கேட்பதில்லை. எண் என்ன என்று கேட்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைச் சோதிக்கும்போது, எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மூன்று கோட் பெயிண்டில் மூழ்கிய எண்ணில் அச்சு விழாது. அதை வெளிக்கொணரக் கிரைண்டரை வைப்பவர், எண்ணையே அழித்துவிடுகிறார். அதன் பிறகு திருட்டு எஞ்சின் அல்ல என்று நிரூபிக்கும் சுமை உரிமையாளரின் தலையில்.

2021-இல் மத்திய அரசு பழங்கார்களுக்கென்றே பதிவு விதிகளைக் கொண்டுவந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. முதல் பதிவாகி 50 ஆண்டுகள் கடந்த, அசல் வடிவில் பராமரிக்கப்படும் வாகனங்களுக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனி எண் வரிசை. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய் என்றும், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்றும் அந்த விதிகள் வகுத்தன. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதே அடிப்படை. அசல் என்பதற்கு எஞ்சின் எண்ணைவிட நேரடியான சாட்சி வேறில்லை. அதைச் சுத்தம் செய்து, படம் எடுத்து, டேப் ஒட்டி மூடிய பிறகே ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்க வேண்டும்.

மூட வேண்டிய மற்ற இடங்களும் உண்டு. கேஸ்கட் உட்காரும் முகங்கள், ஸ்பார்க் பிளக் துளைகள், போல்ட் மரைகள், பெல்ட் ஓடும் பள்ளங்கள், ரப்பர் குழாய்கள், சென்சார்கள். பலர் மறப்பது எர்த் வயர் பிடிக்கும் இடத்தை. அங்கே பெயிண்ட் நின்றால் மின்சாரம் சரியாகப் பாயாது. ஸ்டார்ட்டர் முனகும். பேட்டரி மீது பழி விழும்.

மெல்லிய கோட், நீண்ட பொறுமை

கேஸ்கட் முகங்கள் தாமாகவே மூடியிருக்கும்படி, பழைய பிளக்குகளையும் மூடிகளையும் தற்காலிகமாகப் பூட்டி, மேனிஃபோல்டை மட்டும் கழற்றிவைத்து அடிப்பது சௌகரியம். முதல் கோட் பனி படர்ந்தது போல லேசாக. கீழே உலோகம் தெரியலாம், பரவாயில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒரே கோட்டில் மூடிவிடலாம் என்று நினைத்தால் பெயிண்ட் வழியும். மூலைகளில் தடித்து நிற்பது முதல் சூட்டிலேயே வெடிக்கும். அடுத்த கோட்டுக்கு டப்பாவில் சொன்ன நேரத்தைத் தவறவிட்டால் அடிப்பூச்சு சுருங்கி எழும். பிரஷ்ஷால் அடிப்பதும் கேவலம் அல்ல. நல்ல எனாமல் தானே பரந்து சமமாகும்.

காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிய நாளில் வேலையை ஒத்திப்போடுவதே புத்திசாலித்தனம். குளிர்ந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் நிற்கும். பூச்சு வெளுத்துப் போகும், அல்லது கொப்புளிக்கும்.

மேனிஃபோல்டின் சிலிக்கோன் பெயிண்ட் காற்றில் உலர்வதோடு முழுமை அடையாது. வெப்பத்தில் பழுத்தால்தான் கெட்டியாகும். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டு, பிறகு இருபது நிமிடம் ஓட்டி மறுபடி ஆறவிட்டு, படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். முதலில் புகையும் நாற்றமும் வரும். கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டால் போதும். நேராக நெடுஞ்சாலைக்கு ஓட்டிப் போனால் உரிந்த மேனிஃபோல்டோடுதான் திரும்ப வேண்டும்.

பூசுபவரின் மூச்சு

இவ்வளவு கணக்கிலும் விடுபட்டுப்போவது, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன் பிடிப்பவர். ஹார்டனர் கலந்த பெயிண்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடல் அதற்கு எதிர்ப்புக் காட்டத் தொடங்கிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு அடைக்கும். அந்தத் தொழிலே கைவிட்டுப் போகும். கைக்குட்டையும் தூசி முகமூடியும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடிதான் உண்மையான பாதுகாப்பு. அந்த வசதி இல்லாத சிறு பட்டறையில் ஹார்டனர் இல்லாத எஞ்சின் எனாமலே உத்தமம். அதற்கும் தின்னர் ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி முகமூடியும் திறந்த ஜன்னலும் தேவை. மணல் வீசும் தூசு நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். அதற்கு மருந்தே இல்லை.

பழைய பெயிண்டை உரிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஈயம் கலப்பது சகஜம். பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதிகள் 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் அமலுக்கு வந்தன. ஆனால் அவை வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுகளுக்கே. அறுபது வயது எஞ்சினின் மேல் இருப்பதை எந்த விதியும் மாற்றிவிடாது. அதை உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ் வைத்துச் சுழற்றினால் பட்டறை முழுவதும் ஈயத்தூள். ஈரமாக்கித் தேய்த்து, கழிவைத் தனியாகக் கட்டி, சாப்பிடும் முன் கை கழுவினால் பாதி ஆபத்து குறையும். பட்டறைக்குள் விளையாட வரும் குழந்தைகளை அன்று தூரமாக வைப்பது மீதிப் பாதிக்கு நல்லது.

வாங்குபவருக்கு

பழைய கார் வாங்கப் போகிறவர் புதுப் பூச்சைக் கண்டு மயங்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம். பார்க்க வேண்டியது ஓரங்களை. ரப்பர் குழாயின் மேல், வயர்களின் மேல், போல்ட் தலைகளின் இடுக்கில் பெயிண்ட் தெறித்திருந்தால், எதையும் கழற்றாமல் மேலோட்டமாக அடித்தது என்று பொருள். எண்ணெய்த் தொட்டியின் அடியில் கையை விட்டுத் தடவினால் விரல் மீதிக் கதையைச் சொல்லும். எஞ்சின் எண் வாசிக்க முடியாதபடி மூழ்கியிருந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

நேர்மையாகப் பூசியவரிடம் இவை எதுவும் இருக்காது. மாறாக, சுரண்டிய அசல் நிறத்தின் படமும், சுத்தம் செய்த பிளாக்கின் படமும், எந்தப் பெயிண்ட், எத்தனை கோட் என்ற குறிப்பும் இருக்கும். உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் பழையதைக் காப்பாற்றுவதற்கே முதலிடம் தருகிறது. என்ன மாற்றினாலும் எழுதிவைக்கச் சொல்கிறது. இதற்குப் பெரிய அருங்காட்சியகம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் சில படங்களும் போதும்.

ஒழுங்காகப் பூசிய எஞ்சினில் ஒருநாள் எண்ணெய் கசியத்தான் செய்யும். அன்று அந்தச் சுத்தமான சாம்பல் பரப்பில் ஒரு கறுப்புக் கோடு இறங்கும். பெயிண்ட் கெட்டுவிட்டதே என்று உரிமையாளர் வருத்தப்படலாம். உண்மையில் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.